கெப்ளருக்கு முன் வந்த நான்கு மறுப்புகள்

2001 டிசம்பர் 21 அன்று நாசா தன் டிஸ்கவரி வரிசையில் இரண்டு விண்கலங்களுக்கு ஒப்புதல் தந்தது. ஒன்று டான், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் வெஸ்டாவையும் சீரிஸையும் தேடிப் போனது. மற்றது கெப்ளர்; சூரியனைப் போன்ற விண்மீன்களைச் சுற்றிப் பூமியளவு கோள்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிச் சொல்ல வந்தது. கெப்ளரின் முதன்மை ஆய்வாளர் வில்லியம் பொருக்கி. 1992, 1994, 1996, 1998 என நான்கு முறை இதே யோசனையோடு போய் வெறுங்கையோடு திரும்பியவர். ஐந்தாவது முறைதான் கிடைத்தது.

இதை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்லுவது வழக்கம். பள்ளி மேடைக்கு அது போதும். அரசுப் பணம் ஓர் ஆராய்ச்சிக்கு எப்படி வந்து சேர்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த நான்கு மறுப்புகளுக்கும் சொல்லப்பட்ட காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒரு மறுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே வந்த சின்னச் சின்னத் தொகைகளையும் பார்க்க வேண்டும். கெப்ளரை உண்டாக்கியது அந்தச் சில்லறைப் பணம்தான் என்பது என் கட்சி. பெரிய பணம் வந்தபிறகு செய்த சிக்கனம் கடைசியில் அறிவியலின் தலையில் விடிந்தது என்பதும்.

அளக்க வேண்டியது எவ்வளவு

விண்மீனுக்கும் நமக்கும் குறுக்கே ஒரு கோள் போனால் விண்மீன் கொஞ்சம் மங்கும். கடப்பு முறை என்பது இவ்வளவுதான். இதை ஓட்டோ ஸ்ட்ரூவ 1952இலேயே சொல்லிவிட்டார். 1971இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் இன்னும் விரிவாக எழுதினார். (செயற்கை நரம்பு வலைக்கு முன்னோடியான பெர்செப்ட்ரானை உருவாக்கிய அதே ரோசன்பிளாட்தான்.) ஆக, யோசனைக்குப் பஞ்சமில்லை. சிக்கல் அளவில் இருந்தது.

வெளியே எங்கிருந்தோ ஒருவர் நம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பூமி குறுக்கே போகும்போது சூரிய ஒளியில் 10 லட்சத்தில் 84 பங்கு குறையும். அதுவும் அதிகம் போனால் 13 மணி நேரம். அடுத்த முறை பார்க்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். மூன்று தடவையாவது ஒரே இடைவெளியில் வந்தால்தான் நம்பலாம். போதாததற்கு, கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாக வந்து விழும் வாய்ப்பு 200இல் ஒன்றுகூட இல்லை. அதனால் நூறு, ஆயிரம் விண்மீன்கள் போதாது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவற்றை ஒரே நேரத்தில், வருடக்கணக்கில், பார்வையை அகற்றாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்றுமண்டலத்துக்கு அடியில் இருந்துகொண்டு அது நடக்காது.

பொருக்கி 1962இல் கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் மையத்தில் சேர்ந்தவர். முதலில் அப்போலோ கலங்களின் வெப்பக் கவசத்தில் வேலை. பிறகு கோள்களின் வளிமண்டலத்தில் மின்னல் எப்படி வெட்டுகிறது என்ற ஆராய்ச்சி. முனைவர் பட்டம் இல்லை. வானியல் அவருடைய சொந்தத் துறையும் இல்லை. 1984இல் ஆட்ரி சம்மர்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், வியாழன் அளவுள்ள கோள்களைத் தரையிலிருந்தே கடப்பு முறையில் பிடிக்கலாம், பூமி அளவு வேண்டுமென்றால் விண்வெளிக்குத்தான் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதே ஆண்டு ஏம்ஸ் மையத்தில் ஒரு பயிலரங்கு. 1987இல் அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து இன்னொன்று. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த சிலிக்கன் ஒளி உணரிகளை வைத்துச் சோதனைகள். இதற்கெல்லாம் செலவான பணம் நாசாவின் வரவுசெலவில் கண்ணுக்கே தெரியாத தொகை.

அப்போதைய சூழலையும் சொல்ல வேண்டும். வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிச் சைகையைத் தேடும் நாசாவின் திட்டத்துக்கான நிதியை 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் அடியோடு நிறுத்தியது. செனட்டர் ரிச்சர்ட் பிரையன் கொண்டுவந்த திருத்தம் அது. அந்தத் தேடலை நடத்திய இடங்களில் ஒன்று இதே ஏம்ஸ் மையம். வேறு பூமிகளைத் தேடுகிறேன் என்று ஒருவர் அதே கட்டடங்களுக்குள்ளிருந்து பணம் கேட்டால் மேலிடம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

நான்கு முறை, நான்கு காரணம்

டிஸ்கவரி என்பது நாசா 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வரிசை. ஒரு விஞ்ஞானி தலைமையில் ஒரு குழு, செலவுக்கு ஓர் உச்சவரம்பு, திறந்த போட்டி என்பவை அதன் விதிகள். 1992இல் திட்ட யோசனைகளைக் கேட்டபோது பொருக்கி குழுவும் போனது. திட்டத்தின் பெயர் ஃப்ரெசிப். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த, நாக்கில் ஒட்டாத பெயர். அறிவியல் மதிப்பு உயர்ந்தது, ஆனால் இந்தத் துல்லியத்தில் அளக்கக்கூடிய உணரி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

என்னைக் கேட்டால் அந்த மறுப்பு நியாயமானது. அன்று அப்படியொரு உணரி உண்மையிலேயே யார் கையிலும் இருக்கவில்லை. முக்கியம் என்னவென்றால், ‘இது நடக்காது’ என்று முடிக்காமல், எது இல்லை என்று சுட்டிக் காட்டினார்கள். குழு தனித்தனிச் சிலிக்கன் ஒளி உணரிகளை விட்டு, டிஜிட்டல் கேமராவில் படம் பிடிக்கும் சில்லான சிசிடி பக்கம் திரும்பியது. சூழல் இரைச்சலை, அதாவது சூழலால் அளவீட்டில் வரும் தாறுமாறான ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டால், கடையில் வாங்கும் சிசிடியாலேயே 10 லட்சத்தில் 10 பங்கு அளவுக்குத் துல்லியம் எட்டலாம் என்று 1995இல் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டினார்கள்.

1994 மறுப்பு பணம் பற்றியது. விண்வெளியில் ஒரு தொலைநோக்கி என்றதும் மதிப்பீட்டாளர்களுக்கு நினைவுக்கு வந்தது ஹபிள். இது உச்சவரம்புக்குள் அடங்காது என்றார்கள். அந்தச் சுற்றில் வென்றவை லூனார் பிராஸ்பெக்டரும் ஸ்டார்டஸ்ட்டும். பொருக்கி குழு லக்ராஞ்சுப் புள்ளியில் (பூமி, சூரியன் இரண்டின் ஈர்ப்பும் சமன்பட்டு, கலம் அவற்றோடு ஒரே நிலையில் தங்கக்கூடிய இடம்) கலத்தை நிறுத்தும் எண்ணத்தைக் கைவிட்டது. பூமிக்குப் பின்னால் சூரியனைச் சுற்றும் பாதையில் விட்டால் உந்து எஞ்சின் தொகுதியே தேவைப்படாது. அந்தச் செலவு மிச்சம். மூன்று வெவ்வேறு முறைகளில் செலவைக் கணக்கிட்டு, மூன்றும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். குழுவிலிருந்த டேவிட் கோக், ஜில் டார்ட்டர், கார்ல் சேகன் ஆகியோர் வற்புறுத்தியதால் பெயரும் கெப்ளர் ஆயிற்று.

இதற்கிடையில், 1995 அக்டோபரில் மிஷெல் மயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனை நாலேகால் நாளில் சுற்றும் கோளை அறிவித்திருந்தார்கள். புறக்கோள், அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள், தேடுவது ஒரே நாளில் மரியாதையான தொழிலாகிவிட்டது. இந்த இடத்தில் கனடாக்காரர்கள் இருவரை நினைக்காமல் போக முடியவில்லை. புரூஸ் கேம்ப்பெல்லும் கோர்டன் வாக்கரும் ஹவாயிலிருந்த தொலைநோக்கியில், ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற கொடிய நச்சு வாயு நிரப்பிய குடுவையை வைத்துக்கொண்டு 12 ஆண்டுகள் 21 விண்மீன்களைக் கண்காணித்தவர்கள். கிடைத்தது ஆண்டுக்குச் சில இரவுகள். கேம்ப்பெல்லுக்கு நிரந்தர வேலை அமையவில்லை; துறையை விட்டே போய்விட்டார். கோள் எதுவும் உறுதியாகவில்லை என்ற அவர்களின் கட்டுரை வந்த அதே 1995இல்தான் பெகாசி செய்தியும் வந்தது. அவர்கள் சந்தேகப்பட்ட, காமா செஃபெய் என்ற விண்மீனின் கோள் 2003இல் உண்மை என்று தெரிந்தது. சில்லறைப் பணம் வந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு நாற்காலியும் வேண்டும். பொருக்கிக்கு அரசாங்க வேலை இருந்தது.

1996இல் மூன்றாம் மறுப்பு. ஆயிரக்கணக்கான விண்மீன்களின் ஒளியைத் தானியங்கியாக, ஒரே நேரத்தில், இவ்வளவு துல்லியமாக அளந்து காட்டியவர் யாருமில்லையே என்றார்கள். அதுவும் உண்மைதான். குழு லிக் வானாய்வகத்தில் ஒரு பழைய குவிமாடத்தைக் கேட்டு வாங்கியது. 10 செ.மீ. விட்டமுள்ள, வான்வழிப் படமெடுப்புக்கான ஒரு லென்சைப் பொருத்தி வல்கன் என்ற ஒளிமானியை அமைத்தார்கள். ஒரே சட்டகத்தில் சுமார் 6,000 விண்மீன்கள். மலை உச்சியிலிருந்து தரவு வானொலி இணைப்பில் ஏம்ஸுக்கு வரும். கணிப்பொறி தானே அலசும். வல்கன் புதுக்கோள் கண்டு பெயர் வாங்கவில்லை. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள்தான் நிறையச் சிக்கின. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

1998இல் நான்காவது. மெசஞ்சரும் டீப் இம்பாக்டும் தேர்வாகின. கெப்ளருக்குச் சொன்ன காரணம்: ஆய்வுக்கூடத்தில் சரி, கலம் லேசாக ஆடும்போது, பக்கத்திலுள்ள பிரகாசமான விண்மீனின் ஒளி உணரியில் நிரம்பி வழியும்போது, எல்லா இரைச்சலும் ஒன்றாகச் சேரும்போது இந்தத் துல்லியம் நிற்குமா? நிரூபிக்காமல் பணம் இல்லை. பணம் இல்லாமல் நிரூபிப்பது எப்படி? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற நிலை. ஆராய்ச்சி விண்ணப்பம் எழுதிய எவருக்கும் இந்த முட்டுச்சந்து பழக்கமான இடம்.

முட்டுச்சந்தைத் திறந்தது 10 லட்சம் டாலர். நாசா தலைமையகம் 5 லட்சமும் ஏம்ஸ் மையம் 5 லட்சமும் போட்டன. அதில் கட்டிய சோதனை மேடையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஓர் உலோகத் தகடு. அதில் லேசரால் துளைத்த நுண்துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு விண்மீன். பின்னாலிருந்து ஒளி பாயும். சில துளைகளின் குறுக்கே மயிரிழைக் கம்பி. கம்பியில் சிறிது மின்னோட்டம் விட்டால் சூடேறிக் கொஞ்சம் பருக்கும். பருத்த அளவுக்குத் துளையின் ஒளி மறையும். 10 லட்சத்தில் 84 பங்கு மறைப்பை, அதாவது ஒரு பூமியை, இப்படி வேண்டும்போது வரவழைத்தார்கள். கண்ணாடியும் லென்சும் நகர வேண்டியதில்லை, எந்தச் சக்கரமும் சுழல வேண்டியதில்லை. மறுபக்கத்தில் சிசிடியை வேண்டுமென்றே ஆட்டினார்கள், கலம் ஆடுவதுபோல. பளிச்சென்ற விண்மீன்களைப் பக்கத்தில் வைத்து உணரியை வழியவிட்டார்கள். அத்தனைக்கும் நடுவே கம்பி பருத்தது தரவில் தெரிந்தது. இந்த மேடையை மட்டும் வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதலாம் என்று எனக்குத் தோன்றும். இத்தனை மலிவாக இத்தனை பெரிய சந்தேகம் தீர்ந்த சோதனைகள் குறைவு.

1999இல் எச்டி 209458 என்ற விண்மீனை அதன் கோள் கடப்பதைத் தரையிலிருந்தே பார்த்துவிட்டார்கள். கடப்பு முறை ஏட்டுச் சுரைக்காய் என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2000இல் போட்ட விண்ணப்பம் 2001இல் வென்றது. அந்தச் சுற்றின் உச்சவரம்பு 29.9 கோடி டாலர்.

கிடைத்த பிறகு

கெப்ளர் 2009 மார்ச்சில் டெல்டா 2 ராக்கெட்டில் போனது. இடைப்பட்ட காலத்தில் கணக்கு பெருத்துக்கொண்டே இருந்தது. மொத்தச் செலவாகக் கடைசியில் நாசா சொன்ன தொகை சுமார் 60 கோடி டாலர். நிதி ஒதுக்கீட்டில் ஏற்பட்ட தாமதம், விலைவாசி, சேர்த்த வேலைகள் எல்லாம் அடங்கியது அது, 29.9 கோடியோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும், இது உச்சவரம்புக்குள் அடங்காது என்று 1994இல் சொன்னவர்களை அவசரக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று முறைகளில் போட்ட மதிப்பீடும் ஒத்துப்போனது என்பதற்காக மதிப்பீடு சரி என்று ஆகிவிடாது.

2006இல் வரவுசெலவுக் குறைப்பால் ஏவும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. திருப்பக்கூடிய ஆன்டெனாவுக்குப் பதில் கலத்தோடு நிலையாகப் பொருத்திய ஆன்டெனா போதும் என்று முடிவானது. செலவு குறைந்தது, பதிலுக்கு மாதம் ஒரு நாள் கலத்தையே பூமிப் பக்கம் திருப்பித் தரவு அனுப்ப வேண்டும், அன்று விண்மீன்களைப் பார்க்க முடியாது. 2007இல் கூடுதல் பணம் கேட்டபோது, நாசாவின் அறிவியல் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ஆலன் ஸ்டெர்ன் மறுத்தார்; கட்டுக்குள் வராவிட்டால் திட்டத்தையே நிறுத்திவிடுவேன் என்றார். முதலில் 4 ஆண்டு என்றிருந்த பணிக்காலம் மூன்றரை ஆண்டு ஆனது.

ஸ்டெர்ன் செய்ததில் தவறு காண்பது கடினம். அதே காலத்தில், விண்மீன்களின் இருப்பிடத்தை நுட்பமாக அளந்து கோள் தேட வேண்டிய சிம் என்ற திட்டத்தில் நாசா 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ஒரு கலமும் ஏவாமல் 2010இல் கைகழுவியது. டெரஸ்ட்ரியல் பிளானட் ஃபைண்டர் 2006இல் காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது. ஐரோப்பியர்கள் கெப்ளரைப் போன்ற எடிங்டன் திட்டத்தை 2003இலேயே ரத்து செய்துவிட்டார்கள். புறக்கோளுக்கென்று அரசுகள் ஒதுக்கிய பணத்தில் கணிசமான பங்கு இப்படி வரைபடங்களோடு போயிற்று. கெப்ளர் பறந்ததற்கு, சின்னதாக இருந்ததும் ஒரு காரணம்.

ஆனால் குறைத்தது எதை? வெட்டியது பெரும்பாலும் ஓரத்தை, அதாவது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்திருந்த இடைவெளியை. அந்த ஓரம் எதற்குத் தேவைப்படும் என்பது பறந்த பிறகுதான் தெரிந்தது.

சூரியனைப் போன்ற, 12ஆம் ஒளித்தர (வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான) விண்மீன் ஒன்றை ஆறரை மணி நேரம் பார்த்தால் மொத்த இரைச்சல் 10 லட்சத்தில் 20 பங்குக்குள் இருக்கும் என்று வடிவமைத்திருந்தார்கள். வந்தது ஏறத்தாழ 30. பெரும் காரணம் கருவியில் இல்லை. விண்மீன்கள் நம் சூரியனைவிடச் சலசலப்பானவையாக இருந்தன. 2011இல் ரொனால்ட் கில்லிலாண்ட் குழு இதை விவரித்து எழுதியது. இரைச்சல் ஒன்றரை மடங்கு என்றால், அதே உறுதியோடு ஒரு பூமியைச் சொல்ல இரண்டு மடங்குக்கும் அதிகமான காலம் பார்க்க வேண்டும். மூன்றரை ஆண்டில் முடிய வேண்டிய வேலை ஏழு, எட்டு ஆண்டுக்குப் போய்விட்டது. நான்கு முறை வரிசையாகச் சந்தேகப்பட்ட மதிப்பீட்டுக் குழுக்கள் எவையும் விண்மீன்கள் மீது இந்த அளவுக்குச் சந்தேகப்படவில்லை என்பது வேடிக்கை. கருவியைத்தான் துருவினார்கள்.

2012இல் பணிக்கால நீட்டிப்பு கிடைத்தது, 2016 வரை. ஆனால் கலத்தை நிலையாகப் பிடிக்கும் நான்கு சுழல் சக்கரங்களில் ஒன்று அதே ஆண்டு ஜூலையில் நின்றது. அடுத்தது 2013 மே மாதம். மூன்று இல்லாமல் குறி நிற்காது. பொருக்கியின் அசல் கணக்கெடுப்பு நான்கு ஆண்டுத் தரவோடு முடிந்தது. அதன் பிறகு சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாம் சக்கரமாகப் பயன்படுத்தி, கே2 என்ற பெயரில் 2018 வரை ஓட்டினார்கள். அது தனிக் கதை, அழகான கதை.

கணக்கில் இப்போது என்ன இருக்கிறது

2,600க்கு மேற்பட்ட கோள்கள். பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவிலானவையே மிகச் சாதாரணம் என்ற கண்டுபிடிப்பு. நம் சூரியக் குடும்பத்தில் அந்த அளவில் ஒன்றுகூட இல்லை. பணத்துக்கு மேல் பலமடங்கு வந்துவிட்டது என்பதில் இரண்டு பேச்சில்லை. எடுத்த தரவு முழுவதும் பொதுவில் கிடக்கிறது. சம்பந்தமில்லாத எத்தனையோ நாட்டு மாணவர்கள் அதில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் 1984 முதல் பொருக்கி கேட்டது வேறு. சூரியனைப் போன்ற விண்மீனுக்கு, வாழத்தகு தொலைவில், பூமி மாதிரி எத்தனை? ஸ்டீவ் பிரைசன் குழு 2021இல் வெளியிட்ட மதிப்பு, ஒரு விண்மீனுக்கு 0.37 முதல் 0.60 வரை, அதற்கு மேலும் கீழும் பெரிய பிழை எல்லைகள். அந்தத் தொலைவில் அந்த அளவில் கெப்ளருக்கு நேரடியாகச் சிக்கியவை மிகக் குறைவு. மற்றது நன்றாகத் தெரிந்த பகுதியிலிருந்து நீட்டிப் போட்ட கணக்கு.

2015இல் பெரும் ஆரவாரத்தோடு அறிவித்த கெப்ளர்-452பி இந்த நிலைமைக்கு நல்ல உதாரணம். பூமியைப் போல் 1.6 மடங்கு பெரியது, சூரியனைப் போன்ற விண்மீனை 385 நாளில் சுற்றுவது. 2018இல் ஃபெர்கல் மல்லாலியும் சகாக்களும் இதை மறுபடி எடுத்துப் பார்த்து, 99 சதவீத உறுதி சொல்ல முடியாது என்றார்கள். காரணம் கலத்தின் மின்னணுச் சுற்று. சில உணரிகளின் பெருக்கிகள் வெப்பநிலைக்கு ஏற்ப ஊசலாடி, படத்தில் அலையலையாகப் பட்டைகளை ஓடவிடும். கலம் சூரியனை ஒரு முறை சுற்றி வர சுமார் 372 நாள். ஒவ்வொரு சுற்றிலும் அதே விண்மீன் அதே மோசமான உணரியில் வந்து விழும். 372 நாளையொட்டிப் பொய்க் கடப்புகள் குவியும். 385 அதற்கு மிக அருகில்.

அந்தப் பெருக்கிக் கோளாறு ஏவுவதற்கு முன்பே, தரைச் சோதனையில் தெரிந்துவிட்ட ஒன்று. உணரித் தொகுதியைப் பிரித்துச் சரிசெய்வது செலவும் ஆபத்தும் கொண்டது, ஏவும் நாளும் தள்ளிப்போகும்; மென்பொருளில் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த நாளில் அந்த வரவுசெலவை வைத்துக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

452பி உறுதியான கோள்களின் பட்டியலிலேயே இருக்கிறது. நான்கு ஆண்டுத் தரவில் அதற்கு விழுந்தவை நான்கே நான்கு கடப்புகள். எட்டு ஆண்டு பார்க்கக் கிடைத்திருந்தால் ஏழோ எட்டோ இருந்திருக்கும். பொய்யா மெய்யா என்று பிரித்துப் பார்க்க அது போதும்.